மந்திரிக்காத கைக்கயிறு

ஆரோக்கிய அனிதாவுக்கு நாத்தனாரைப் பிடிக்காது என்று யாராவது சொன்னால் அது பொய். சிதம்பரத்தில் இருக்கிற வரைக்கும் பெலிசியாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். கடலூர் முதுநகருக்கு பஸ் ஏறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டில் எந்த மூலையில் என்ன குறை என்று கண்ணாலேயே கூட்டிப் பெருக்கிவிடும் பெலிசியாவைத்தான் பிடிக்காது.

ஈஸ்டர் முடிந்த கையோடு அந்தப் பெலிசியாதான் வந்திருந்தாள். சங்கரா மீன் குழம்பை இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டு, "புளி கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைத் தம்பியிடம் ஆரம்பித்தாள்.

சிதம்பரம் மேல வீதியில் அவளுக்கு ஒரு ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, கிளிப்பு, ஹேர்பேண்ட், கல்யாண நகை வாடகைக்கு என்று ஓகோவென்று ஓடுகிற கடை. புருஷன் மஸ்கட்டில். கடையில் நின்ற பெண் கல்யாணம் ஆகித் திருப்பூர் போய்விட்டாள்.

"வெளி ஆளை நம்பி கடையை விட முடியல தம்பி. அனிதா சும்மாத்தானே இருக்கா. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்ததும் காலையில பஸ் ஏறுனா, சாயங்காலம் வந்துரப் போறா."

இன்னாசிராஜ் தலையாட்டினான். சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அக்கா சொல்வதற்கு ஆமாம் போடுவது அவனுக்குக் காலை ஜெபம் மாதிரி. தூக்கக் கலக்கத்திலும் தவறாது.

குழம்பில் புளி தூக்கல் என்றதைக்கூட அனிதா மன்னித்திருப்பாள். 'சும்மாத்தானே' என்ற சொல்தான் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. ஞாயிறு தோறும் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவள் அவள். மே மாதம் பங்குக் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு விடுமுறை முகாம் நடத்துபவளும் அவள்தான். கிழிந்த பட்டுப்புடவையின் கரையைப் பழைய பிளாஸ்டிக் வளையலில் சுற்றி ஒட்டினால் புது வளையல். சட்டைப் பித்தானை ஊக்கில் கோத்தால் துப்பட்டாவுக்கு ஒரு பூ. மூன்று கலர் நூலைச் சடை பின்னுகிற மாதிரி பின்னி முடிச்சுப் போட்டால் கைக்கயிறு. கத்தி வேண்டாம், நெருப்பு வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளை முதல் செய்யலாம். இதெல்லாம் சும்மாவா?

"நான் வரல அண்ணி. இந்த வருசம் திருவிழாவுல பசங்க செஞ்சதையெல்லாம் ஸ்டால் போட்டு விக்கப் போறேன். அப்புறம் அதையே தொழிலா செய்யப் போறேன்" என்று அனிதா சொன்னாள். இப்படி ஒரு திட்டம் இருப்பது வாயிலிருந்து வெளியே வரும்வரை அவளுக்கே தெரியாது.

பெலிசியா சிரித்தாள். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அனிதாவின் மகள் பிரின்சியின் கையைத் தூக்கி, பட்டுக்கரை சுற்றிய வளையலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிள்ளைகள் செய்ததைப் பிள்ளைகளைப் பெற்றவள்தான் வாங்குவாள், அதுவும் ஒரே ஒரு தடவை என்றாள். ஆனாலும் வியாபாரி அல்லவா? வாய்ப்பை முழுதாக மூடவில்லை.

"சரி, போட்டுப் பாரு. வித்துச்சின்னா என் கடை முன்பக்கத்து கண்ணாடிப் பெட்டியை உனக்கே விட்டுடறேன். நீ வூட்டுல உக்காந்து செஞ்சு அனுப்பு, நான் வித்துத் தரேன். விக்கலைன்னா மறுபேச்சு பேசாம பஸ் ஏறிடணும்."

இன்னாசிராஜ் இதற்கும் தலையாட்டினான்.

அந்த மே மாதம் மண்டபத்தில் அனிதா மூச்சு விடவில்லை. முகாமுக்கு வருகிற பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிடுகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுவந்ததா என்றுதான் கேட்பார்கள். சோனாங்குப்பத்திலிருந்து சினேகா என்றொரு பெண் வந்தாள். அவளுடைய அம்மா செல்லாயி தெருத் தெருவாக மீன் விற்பவள். சினேகா முதல் நாளே பாவாடை மடி நிறையச் சிப்பி பொறுக்கி வந்து தரையில் கொட்டினாள். மண்டபமே கருவாடு மணந்தது. கழுவிக் காய வைத்துப் பார்த்தால், ஒவ்வொன்றும் விரல் நகம் அளவில் ரோஜா நிறத்தில் மின்னியது. கிளிப்பில் ஒட்டினார்கள். கைக்கயிற்றின் முடிச்சில் ஒன்று வைத்துக் கட்டலாமா என்று சினேகாவே கேட்டாள். கட்டிப் பார்த்தபோது, நூலாக இருந்தது நகையாகிவிட்டது.

பையன்கள் முதலில் முறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் கிரிக்கெட் ஜெர்சி கலரில் ஒரு கயிறு பின்னிக் கட்டிக்கொண்டதும், மற்றவர்கள் மஞ்சள் நூலுக்கு அடித்துக்கொண்டார்கள். பின்னல் சில இடத்தில் இறுகி, சில இடத்தில் தொளதொளத்து இருக்கும். அனிதா அவிழ்த்துத் திருத்தவில்லை. கையால் செய்தது என்றால் கை தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ராத்திரி படுக்கும்போது மட்டும், சிதம்பரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தத் தொளதொளப்பு எப்படித் தெரியும் என்று கவலையாக இருக்கும்.

திருவிழா ஞாயிறு வந்தது. பூசை முடிந்து கோயில் வளாகத்தில் பலூன்காரனும் பஞ்சு மிட்டாய்க்காரனும் கூவ ஆரம்பித்தபோது, அனிதாவின் ஸ்டால் ஜிகினாத் தோரணத்தோடு நின்றது. வளையல் ஒரு பக்கம், காகிதத் தோடு ஒரு பக்கம், கிளிப்பு, ஹேர்பேண்ட், துப்பட்டாப் பூ, நடுவில் மலை மாதிரி கைக்கயிறு. பின்னால் முகாம் பிள்ளைகள் எண்ணெய் வழியத் தலை வாரி வரிசையாக நின்றார்கள். பெலிசியா பட்டுப் புடவை கட்டி, செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

பங்குச் சாமியார் மரிய அருள் ரிப்பன் வெட்ட வந்தார். வெட்டிவிட்டுப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆனால் அனிதா எப்படி விடுவாள்? அவள் வீட்டில் பைக் வாங்கினாலும் கிரைண்டர் வாங்கினாலும் சாமியார் தீர்த்தம் தெளிக்காமல் ஓட்டியதுமில்லை, ஆட்டியதுமில்லை. மிக்ஸிகூட மந்திரித்த பிறகுதான் சட்னி அரைத்தது. தொழில் தொடங்குகிற நாளில், அதுவும் நாத்தனார் செல்போனை நீட்டிக்கொண்டிருக்கும்போது, வெறும் கத்தரிக்கோலோடு முடித்துக்கொள்வதா? அவளே ஓடிப்போய்த் தீர்த்த வாளியை எடுத்து வந்தாள்.

"ஃபாதர், ஒரு ஜெபம் சொல்லி மந்திரிச்சிடுங்க."

மரிய அருள் மேசையைப் பார்த்தார். "எல்லாத்தையுமாம்மா?"

"ஒண்ணு விடாம, ஃபாதர்."

கேட்டதைக் கேட்டபடி செய்கிறவர் அவர். ஜெபம் சொல்லி, இடமும் வலமுமாகத் தீர்த்தத்தை அள்ளித் தெளித்தார். காகிதத் தோடுகள் சில நனைந்து சுருண்டன. இன்னாசிராஜ் தன் பங்குக்கு மேசைக்கு அடியிலிருந்த மிச்சப் பெட்டிகளையும் இழுத்துத் திறந்து, "இதுலயும், ஃபாதர்" என்றான். அதிலும் விழுந்தது. பெலிசியா போட்டோ எடுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

முதல் வியாபாரம் லூயிஸ் மாமாவின் பேத்தி. சிப்பிக் கிளிப்பை எடுக்கக் கையை நீட்டினாள். லூயிஸ் மாமா பங்குப் பேரவைச் செயலாளர். இன்னாசிராஜுக்குத் தாய்மாமன் முறை. விதி என்று ஒன்று இருந்து அதை இன்னொருவர் மீறினால், அவர் முகத்தில் வருகிற பொலிவு வேறு எதற்கும் வராது.

"பாப்பா, கையை எடு" என்றார். பிறகு அனிதாவைப் பார்த்தார். "இதையெல்லாம் என்னா பண்ணப் போற?"

"விக்கப் போறேன், மாமா."

"மந்திரிச்ச பொருளை விக்கக் கூடாதே. ஜெபமாலையோ சுரூபமோ, மந்திரிச்சாச்சின்னா சும்மாத்தான் குடுக்கணும். நீயே பசங்களுக்கு மறைக்கல்வி எடுக்கறவ."

அனிதா சாமியாரைப் பார்த்தாள். சாமியார் தீர்த்த வாளியைப் பார்த்தார்.

"அவர் சொல்றது சரிதாம்மா. நான்தான் கேட்டேனே, எல்லாத்தையுமான்னு" என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

தீர்த்தம் படாதது ஏதாவது மிஞ்சியிருக்குமா என்று அனிதா மேசைக்கு அடியில் குனிந்தாள். திறந்து கிடந்த பெட்டிகள் ஈரமாக அவளைப் பார்த்தன. பக்கத்தில் இன்னாசிராஜ், நல்ல காரியம் செய்த முகத்தோடு நின்றான். அவனைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். இப்போது பின்னால் நிற்கிற பிள்ளைகள்தான் முக்கியம். தான் பின்னியதை யார் கட்டிக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றும் எட்டி எட்டிப் பார்த்தது. மூட்டை கட்டி வீட்டுக்கு எடுத்துப் போனால் அந்த முகங்களை எப்படிப் பார்ப்பது?

"எல்லாம் இலவசம். பிள்ளைங்க வந்து எடுத்துக்கலாம்" என்று மைக்கில் அறிவிக்கச் சொன்னாள்.

ஊருக்கே போடுகிற அசன சாப்பாட்டுக்கு உலை கொதிப்பதற்குள் மேசை துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. வளாகம் முழுக்கப் பட்டுக்கரை வளையலும் சிப்பிக் கிளிப்பும். தான் ஒட்டிய கிளிப்பு யாரோ ஒரு பெண்ணின் தலையில் ஏறியதைப் பார்த்துவிட்டு, சினேகா அந்தத் தலைக்குப் பின்னாலேயே தேர் வரைக்கும் நடந்தாள். பிள்ளைகளைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது.

பெலிசியாவுக்கு அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. ஓசியில் கொடுத்தால் குப்பைகூடப் போகும் என்றாள். தான் கேட்டது விற்பனை, விநியோகம் இல்லை. பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "பள்ளிக்கூடம் தொறந்ததும் வந்துரு. டிபன் டப்பா மட்டும் எடுத்துட்டு வா, தண்ணி கடையிலேயே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அனிதா டிபன் டப்பாவைப் பரணிலிருந்து இறக்கிக் கழுவி வைத்தாள். அந்த வாரத்தில்தான் செல்லாயி மீன் கூடையோடு வாசலில் வந்து நின்றாள். மீன் விற்க வந்தவள் மாதிரி இல்லை. கூடையை இறக்கிவிட்டு அனிதாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அவளுடைய கடைக்குட்டி, திருவிழா வேட்டுச் சத்தத்தில் பயந்துபோய், தூக்கத்தில் வீறிட்டு அழுதுகொண்டிருந்தானாம். அம்மன் கோயில் கயிறு கட்டினாள். பரங்கிப்பேட்டை தர்காவில் ஓதிக் கட்டினாள். நிற்கவில்லை. சினேகா தன் கையிலிருந்த சிப்பி வைத்த கயிற்றைத் தம்பி கேட்கிறானே என்று கழற்றிக் கட்டிவிட்டாள். அன்றைக்குப் படுத்தவன் விடிந்துதான் எழுந்தான். அன்று காலையில்தான் செல்லாயி ஆஸ்பத்திரியில் மருந்தும் வாங்கிக் கொடுத்திருந்தாள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

"அது சும்மா ஃபேஷனுக்குக் கட்டறது, செல்லாயி" என்றாள் அனிதா.

"இருக்கட்டும் டீச்சர். சாமியாரு தண்ணி தெளிச்சாரா, இல்லையா?"

"தெளிச்சாரு."

"அப்பறம் இன்னா?" என்று கேட்டுவிட்டு, கூடையிலிருந்து நெத்திலியைக் கைநிறைய அள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

செல்லாயி போகாத தெரு முதுநகரில் இல்லை. மீன் போன வீட்டுக்கெல்லாம் செய்தியும் போயிற்று. பரீட்சைக்குப் பயப்படுகிற பிள்ளை, சோறு திங்காத பிள்ளை, அப்பா வெளிநாடு போய் ஏங்கிப்போன பிள்ளை என்று தாய்மார்கள் அனிதாவின் கதவைத் தட்டினார்கள். எல்லோருக்கும் வேண்டியது கயிறு. ஹேர்பேண்டைப் பற்றியோ பித்தான் பூவைப் பற்றியோ ஒருத்தியும் கேட்கவில்லை. கலர் எது பிடிக்கும் என்று அனிதா கேட்டால் அவர்கள் விழித்தார்கள். சிப்பி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். சிப்பி வைத்ததுதான் அசல் என்று பேச்சு. முகாம் பிள்ளைகள் தங்களுக்கென்று வைத்திருந்தவை தீர்ந்து, பிரின்சியின் கையில் இருந்த கடைசிக் கயிறும் போயிற்று. மரிய அருள் சாமியார் ஞாயிறு பிரசங்கத்தில், நம்பிக்கை நல்லது, ஆனால் காய்ச்சலுக்கு முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று சொல்லிப் பார்த்தார். சாமியாரே அதைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று சனம் முடிவு செய்துவிட்டது.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்தினம் பெலிசியா போன் செய்தாள். குரலில் வெல்லம் கரைந்திருந்தது. பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த இரண்டு பெண்கள் கடையில் 'முதுநகர் மாதா கோயில் கயிறு' இருக்கிறதா என்று கேட்டார்களாம். அப்புறம் புவனகிரி, அப்புறம் சிதம்பரத்திலேயே நாலு பேர்.

"கண்ணாடிப் பெட்டியை ஒழிச்சு வச்சிட்டேன். ஒரு பை நெறைய கட்டி அனுப்பு. நீ வர வேணாம், வூட்டுல உக்காந்து செஞ்சா போதும். ஃபாதர்கிட்ட சொல்லி தீர்த்தத்துல ஒரு முக்கு முக்கி எடுத்துடு."

"மந்திரிச்சா விக்கக் கூடாது, அண்ணி."

"அப்ப மந்திரிக்காம அனுப்பு. நாம எதுக்கு வாயைத் தொறக்கணும்? முதுநகர்லேருந்து வந்துதுன்னு சொல்லுவேன். அது பொய்யா?"

பொய் இல்லை. அதுதான் அனிதாவைப் பாடாய்ப்படுத்தியது. கேட்ட கண்ணாடிப் பெட்டி கிடைத்துவிட்டது. பஸ் ஏற வேண்டாம். டிபன் டப்பாவைத் திரும்பப் பரணில் வைத்துவிடலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் தீர்த்தம் பட்டது என்று நம்பித்தானே ஒரு தாய் பிள்ளை கையில் கட்டுவாள்? மந்திரித்ததை விற்க முடியாது. மந்திரிக்காததை எவரும் வாங்க மாட்டார்கள். இப்படி ஒரு சரக்கை உலகத்தில் வேறு யாராவது உற்பத்தி செய்திருப்பார்களா என்று யோசித்தபடி, அவள் நேராக லூயிஸ் மாமா வீட்டுக்குப் போனாள். முடிச்சுப் போட்டவரே அவிழ்க்கட்டும்.

லூயிஸ் மாமா சந்தோஷமாகிவிட்டார். விதியைப் பற்றிச் சந்தேகம் கேட்டு ஒருவரும் அவர் வீட்டுக்கு அதுவரை வந்ததில்லை.

"வேளாங்கண்ணிக்குப் போறியே, அங்க என்னா பண்றோம்? மொதல்ல கடையில மாலை வாங்கறோம். அப்பறம் சாமியார்கிட்ட நீட்டி மந்திரிச்சிக்கறோம். விக்கறதுக்கு முன்னாடி மந்திரிச்சாத்தாம்மா தப்பு. வாங்குனவங்க எடுத்துட்டுப் போயி மந்திரிச்சிக்கிட்டா யாரு கேக்கப் போறா?"

அன்றைக்கு ஸ்டாலில் தீர்த்தம் தெளிக்கும் முன்பே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அனிதா கேட்டாள். அன்றைக்கு யாரும் கேட்கவில்லையே என்றார் அவர்.

அனிதா நாத்தனாருக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். கண்ணாடிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஓர் அட்டை: 'பிள்ளைகளும் டீச்சரும் கையால் செய்தது. மந்திரிக்காதது. வாங்கியவர்கள் அவரவர் விருப்பப்படி மந்திரித்துக்கொள்ளவும்.' பெலிசியா அரை மணி நேரம் போனில் புலம்பினாள். ஓட்டல் வாசலில் 'இங்கே உப்பு போடுவதில்லை' என்று எழுதி வைப்பவளைக்கூடப் பார்த்துவிடலாம், இப்படி ஒருத்தியைத் தான் பார்த்ததில்லை என்றாள். ஆனால் கயிறு கேட்டு ஆள் வந்துகொண்டே இருந்ததால், அட்டையைத் தொங்கவிட்டாள்.

சனிக்கிழமைகளில் பழைய முகாம் பிள்ளைகள் மண்டபத்தில் கூடிப் பின்னினார்கள். சினேகா சிப்பிக்குப் பொறுப்பு. எல்லோரும் கயிறு மட்டுமே செய்தால் சலித்துப்போகும் என்று, ஆளுக்கு ஒரு கிளிப்போ வளையலோ தங்களுக்கென்று செய்துகொள்ளலாம் என்று அனிதா சலுகை கொடுத்தாள். மிச்சத்தை இரவும் பகலும் அவளே பின்னினாள்.

பை போய்ச் சேர்ந்த வாரமே பெலிசியாவின் குரலில் வெல்லம் வற்றிவிட்டது. வருகிறவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவதில்லை. மந்திரிக்காதது என்றால் என்ன? யார் மந்திரிக்க வேண்டும்? எந்தக் கிழமை? இடது கையா, வலது கையா? ஆண் பிள்ளைக்கு எந்தக் கலர்? பெலிசியாவுக்கு இருக்கிற பொறுமை ஒரு பொட்டு அட்டை விற்கத்தான் காணும். "எழுதியிருக்குல்ல, படிச்சுக்கோங்க" என்று அவள் இரண்டு முறை எரிந்து விழுந்ததில், வந்தவர்கள் கயிறும் வாங்காமல் வளையலும் வாங்காமல் போய்விட்டார்கள்.

"நீ எழுதி வச்ச அட்டைக்கு நீயே வந்து பதில் சொல்லு" என்றாள்.

மறுநாள் காலை அனிதா டிபன் டப்பாவில் தயிர் சோற்றை அடைத்துக்கொண்டிருந்தாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்த இன்னாசிராஜ் எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்டான். அக்கா கடைக்கு என்றாள்.

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "அதுக்குத்தானே அக்கா மொதல்லயே கூப்புட்டுது?"

அவன் கேட்டதில் கபடு இல்லை. அனிதா மூடியை அழுத்தி மூடிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினாள்.

மேல வீதிக் கடையில் இப்போது அவளுக்கென்று ஒரு முக்காலி. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, அட்டைக்கு அர்த்தம் சொல்வதுதான் வேலை. பெலிசியா கல்லாவிலிருந்து, மின்விசிறியை ஏன் மூணில் வைத்தாய், முந்தானையை ஏன் இப்படிப் போட்டாய் என்று கேட்டபடி இருப்பாள். அனிதா தலையைத் திருப்பாமலே பின்னிக்கொண்டிருப்பாள். கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில், பெலிசியாவுக்குத் தெரியாமல் நாலு சிப்பிக் கிளிப்பும் இரண்டு பட்டுக்கரை வளையலும் வைத்திருந்தாள். அவற்றை ஒருவரும் சீண்டவில்லை.

ஒரு மத்தியானம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி வந்தாள். வாடாமல்லி நிறத்தில் பாவாடை. அம்மா பொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, சிறுமி கண்ணாடியில் மூக்கை அழுத்தி நின்றாள்.

"அம்மா, இந்த வளையலு என் பாவாடைக்கு மேட்ச்சு. இந்தக் கயிறும்தான்."

அனிதா எடுத்துக் கொடுத்தாள். சிறுமி வளையலைப் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தானே சுற்றி, பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். கையைத் தூரத்தில் நீட்டிப் பார்த்தாள்; கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். மந்திரம், பயம், காய்ச்சல் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அனிதா பின்னுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா அட்டையைப் படித்தாள். "மந்திரிக்காததா? அப்ப எதுக்கு இது?"

"எதுக்கும் இல்லைங்க. பசங்க செஞ்சது. சும்மா அழகுக்குத்தான்."

"சும்மா அழகுக்கா?" அந்தப் பெண் மகளின் கையைப் பார்த்தாள். கழற்றச் சொல்லப் போகிறாள் என்று அனிதா நினைத்தாள். பெலிசியா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டுத்துக்கும் சேத்தே போட்டுடுங்க" என்றாள் அந்தப் பெண். பிறகு மகளிடம், "கழட்டி அம்மாகிட்ட குடு கண்ணு. கோயிலுக்குத்தானே போறோம், அர்ச்சனைத் தட்டுல வச்சு வாங்கிக்குவோம்" என்றாள்.

"வளையலையுமா?" என்று கேட்டாள் சிறுமி.

"இருக்கட்டுமே. எதுக்கும்."

அவர்கள் சன்னதிப் பக்கம் திரும்பி மறைந்ததும், பெலிசியா கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். கண்ணாடிப் பெட்டியில் வளையல் இருந்த இடம் காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள்.  நாளைக்கு வரும்போது அந்த வளையலில் இன்னும் கொஞ்சம் எடுத்து வா என்று மட்டும் சொல்லிவிட்டு, மின்விசிறியை இரண்டில் வைத்தாள்.